தறி ஓடாத நாளில் பார்த்த வீடு

வீடு வாங்கப் புறப்படுவதற்கு முன்னால் என் கணவர் ஒரு பள்ளிக்கூட நோட்டில் பதினெட்டுக் கேள்விகள் எழுதி வைத்திருந்தார். கோடையில் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கும், மழைக்கு எந்த மூலை ஒழுகும், பல்லடம் பஸ் எங்கே நிற்கும், பக்கத்து வீட்டு வேப்பமரத்தின் வேர் நம் சுவருக்குள் வந்திருக்கிறதா என்பது வரை அதில் இருந்தது. அவர் பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தார். ஒரு தையல் விட்டுப்போயிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது என்று முதலாளியிடம் பெயர் வாங்கியவர். நான் பள்ளிக்கூட டீச்சர், தப்புக் கண்டுபிடிப்பதில் அவருக்கு நான் இளைத்தவள் அல்ல. எங்கள் இரண்டு பேரையும் ஏமாற்ற இனிமேல்தான் ஒருத்தர் பிறந்து வரவேண்டும் என்ற நினைப்பு எங்களுக்கு இருந்தது.

எண்பதுகளின் நடுவில் வீரபாண்டிக்கு அந்தப் பக்கம் அந்த வீட்டைப் பார்க்கப் போனோம். காலை பதினோரு மணி. அன்றைக்கு அந்தப் பகுதியில் கரண்ட் இல்லை, மின்வாரியத்தில் ஏதோ மராமத்து வேலை. மின்விசிறி ஓடாததற்கு அந்த வீட்டு அம்மா மன்னிப்புக் கேட்டு, பனை விசிறி கொடுத்து, மோர் கொடுத்தார். அப்படி ஓர் அமைதியை நான் திருப்பூரில் அதுவரை கேட்டதில்லை. ஓட்டின் மேல் காக்கை நடப்பது கேட்டது. பின்பக்கம் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம் ஒன்று பூட்டிக் கிடந்தது. கணவர் அதைக் காட்டி என்னவென்று கேட்டார்.

"அது ஒரு குடோனுங்க" என்றார் புரோக்கர்.

கணவர் நோட்டில் டிக் போட்டுக்கொண்டார்.

சமையலறை அலமாரிதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் ஓர் அங்குல உயரத்துக்கு மரச்சட்டம் அடித்திருந்தார்கள். என்ன நேர்த்தியான வேலை, எவ்வளவு ரசனையான மனிதர்கள் என்று கணவரிடம் கிசுகிசுத்தேன். சாயங்காலம் இன்னொரு பார்ட்டி வருவதாகப் புரோக்கர் சொன்னதால் அன்றே முன்பணம் கொடுத்துவிட்டோம்.

கிரயத்துக்கு முன்னால் இன்னொரு தடவை எட்டிப் பார்க்கலாம் என்று நான் சொல்லத்தான் செய்தேன். "பேசி முடிச்சதுக்கப்புறம் போய் நின்னா, நம்பாத மாதிரி இருக்குமல்ல? அவங்க மனசு சங்கடப்படும்" என்றார் கணவர். எங்கள் பக்கத்து மரியாதைக்கு எல்லையே கிடையாது. சாவியைப் பத்திரப்பதிவு அலுவலக வராந்தாவில் வைத்துத்தான் வாங்கிக்கொண்டோம். சாவியை என் கையில் கொடுத்துவிட்டு அந்த அம்மா அழுதார். சேலைத் தலைப்பால் துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. பாவம், வீட்டின்மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்கும் கண் கலங்கிவிட்டது.

புதுமனை புகுவிழாவுக்கு விடிகாலையில் பால் காய்ச்சினோம். சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். சரியாக ஆறு மணிக்குப் பின்சுவர் இடிந்து விழுவது போல ஒரு சத்தம் கிளம்பியது. பதினாறு விசைத்தறிகள் ஒன்றாக ஓடத் தொடங்கியிருந்தன. பால் பொங்குவதற்கு முன்பே பாத்திரத்தில் நடுங்கியது. மந்திரம் சொன்னவரின் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. என் பெரியம்மா என் காதில் வாயை வைத்து, "ஏங்கண்ணு, இது எப்ப நிக்கும்?" என்று கத்தினார். ராத்திரி பத்து மணிக்கு என்று அன்றைக்கு எங்களுக்கே தெரியாது.

அலமாரிச் சட்டம் எதற்கென்று மறுநாள் விளங்கியது. காலையில் சுவரோரம் அடுக்கி வைத்த டம்ளர்கள் சாயங்காலத்துக்குள் நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்திருந்தன. சட்டம் இல்லையென்றால் தரையில்தான் கிடந்திருக்கும். அந்த அம்மாவின் ரசனையை நான் மெச்சியதும் அவருக்காகக் கண் கலங்கியதும் நினைவுக்கு வந்தன. அழுத கள்ளி என்று அவருக்குப் பெயர் வைத்தேன். பதினோரு வருடம் டம்ளர்களைச் சுவரோரம் தள்ளி வைத்த ஒவ்வொரு நாளும் அவரைத் திட்டியிருக்கிறேன். வேறு எந்தப் பூசையையும் நான் அவ்வளவு தவறாமல் செய்ததில்லை.

ஒரு நாள் தறிக்காரரிடம் சண்டைக்கே போனேன். அவர் நாற்காலி போட்டு, காப்பி வரவழைத்து, நான் கத்தி முடிக்கும் வரை கைகட்டி நின்றார். பிறகு, "நாங்க இருவது வருசமா இங்கதானுங்க ஓட்டிட்டு இருக்கறோம். நீங்கதானுங்க அம்மணி வந்தீங்க" என்றார். காப்பியைக் குடித்துவிட்டு வந்தேன். காப்பி நன்றாக இருந்தது, அதுவும் எரிச்சலாகத்தான் இருந்தது.

கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பகல் முழுக்கக் கம்பெனியில் மெஷின் சத்தத்தில் இருந்துவிட்டு வருகிறவருக்கு இது இன்னொரு ஷிஃப்ட். எனக்குத்தான் தலைவலி, படபடப்பு. காதில் பஞ்சு, நெற்றியில் தைலம் என்று எல்லாம் செய்து பார்த்தேன். கத்தினால்தான் கேட்கும் என்பதால் கத்தினேன். சாப்பிட வா என்பதைக் கத்தினேன், தலை வாரிக்கொள் என்பதைக் கத்தினேன். கத்திச் சொல்லும்போது எதைச் சொன்னாலும் கோபமாகிவிடுகிறது, முகமும் கூடவே அப்படி மாறிவிடுகிறது. ஒரு முறை பரீட்சை லீவில் என் மகள் என் தங்கை வீட்டில் போய் இருந்தாள். "அம்மாவுக்கு என்னைக் கண்டா ஆகாது சித்தி, எப்பவும் வையும்" என்று அங்கே சொல்லியிருக்கிறாள். தங்கை சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து குளியலறையில் அழுதேன். அங்கே சத்தமாக அழுதாலும் யாருக்கும் கேட்காது, அந்த ஒரு வசதி மட்டும் அந்த வீட்டில் இருந்தது.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். என் பிள்ளையிடம் மெதுவாகப் பேசுகிற மாதிரி ஒரு வீடு வேண்டும், வேறு எதுவும் வேண்டாம். கணவரைச் சம்மதிக்க வைக்க இரண்டு வருடம். விற்கப் போட்டு அலைந்தது இன்னும் இரண்டு வருடம். வீடு பார்க்க வந்தவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றாமலே திரும்பினார்கள். ஒருவர் மட்டும் உள்ளே வந்து, நான் நீட்டிய காப்பியை வாங்க ஒரு காதிலிருந்து கையை எடுத்தார், உடனே திரும்ப வைத்துக்கொண்டார்.

கடைசியில் புதிதாகப் பிடித்த புரோக்கர் வழி சொன்னார். "அடுத்த வாரம் மராமத்துக்குக் கரண்ட்ட நிறுத்தறாங்களாமுங்க. அன்னிக்குப் பார்ட்டியக் கூட்டியாறனுங்க."

சரி என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. கணவர்தான் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் கோலத்தைப் பெரிதாகப் போடுவது பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

வந்தவர்கள் பல்லடத்திலிருந்து ஓர் இளம் தம்பதி. அவனுக்குத் திருப்பூரில் நிட்டிங் கம்பெனியில் வேலை. அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. மின்விசிறி ஓடாததற்கு மன்னிப்புக் கேட்டேன். விசிறி கொடுத்தேன். மோர் கொடுக்கும்போதுதான் என் கையைப் பார்த்து எனக்கே பகீரென்றது. உப்பும் கறிவேப்பிலையும் உட்பட அதே மோர். புரோக்கர், "எத்தன அமைதியா இருக்குது பாருங்க" என்றார். ஓட்டின் மேல் ஒரு காக்கையும் நடந்தது.

ஆண்கள் கிணற்றைப் பார்க்கப் போனார்கள். அந்தப் பெண் சமையலறைக்கு வந்தாள். அலமாரியின் முன் நின்று, விளிம்புச் சட்டத்தின் மேல் ஒரு விரலால் தடவிக்கொண்டே போனாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பின்னால எத்தன தறிங்கக்கா?"

பதினாறு என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பதினோரு வருடத்தில் அந்த வீட்டுக்குள் பகலில் நான் மெதுவாகப் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

"எங்கம்மா ஊட்லயும் இப்படித்தானுங்க அடிச்சிருக்குது" என்றாள். அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன், காணோம். "உள்ள வந்ததும் எனக்கு பயமாப் போச்சுங்க. ஒரு சத்தமும் இல்ல. அக்கம்பக்கம் ஆளே இல்லாத எடமோன்னு நெனச்சுட்டனுங்க. இவரு நைட் ஷிஃப்ட் போனா நானும் கொழந்தையும் தனியா இருக்கோணுமல்ல? தறி இருந்தா ராத்திரியும் அங்கயே நாலு ஆளுக படுத்திருப்பாங்க. இவனும் தறிச் சத்தம் இல்லீன்னா தூங்கமாட்டானுங்க."

வெளியே போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவன் முகமும் மலர்ந்தது. பதினோரு வருடம் என்னைத் தின்ற சத்தம், கிணற்றுக்கும் பஸ் வசதிக்கும் பக்கத்தில் ஒரு சௌகரியமாகப் போய் உட்கார்ந்துகொண்டது. புரோக்கர் உடனே, "அதத்தானுங்க நானும் சொல்ல வந்தேன்" என்றார்.

"இத்தன நல்ல ஊட்ட எதுக்குங்கக்கா விக்கறீங்க?" என்று அவள் கேட்டாள்.

இப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். "இவருக்கு நல்லூர்ப் பக்கம் வேலை மாறிருச்சு கண்ணு" என்றேன். கணவர் கிணற்றை இன்னொரு தடவை பார்க்கப் போய்விட்டார்.

சாவி கொடுக்கிற நாளில் தறிகள் முழு மூச்சாக ஓடிக்கொண்டிருந்தன. ஒளிக்க ஒன்றும் இல்லாததால் வீட்டிலேயே வைத்துக் கொடுத்தோம். சாமான்கள் எல்லாம் நல்லூரில் நாங்கள் பார்த்து வைத்திருந்த அமைதியான வீட்டுக்குப் போய்விட்டன. என் மகள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். அடுத்த மாதம் கோயமுத்தூரில் கல்லூரி விடுதிக்குப் போகிறாள். யாருக்காக அமைதியான வீடு தேடினேனோ அவள் அதில் முப்பது நாள் இருப்பாள். அலமாரியில் என் டம்ளர் ஒன்று விட்டுப்போயிருந்தது. அது விளிம்புக்கு வந்து சட்டத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பழக்கத்தில் சுவரோரம் தள்ளி வைத்தேன். பிறகு எடுத்துக்கொண்டேன்.

சாவியை நீட்டும்போது அழுகை வந்துவிட்டது. அந்த வீட்டுக்காக ஒரு சொட்டுக்கூட இல்லை. தன்னைக் கண்டால் அம்மாவுக்கு ஆகாது என்று நினைத்துக்கொண்டே வளர்ந்த பெண்ணுக்காக, அவளிடம் நான் கத்திக் கழித்த பதினோரு வருடத்துக்காக அழுதேன். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. பத்திரப்பதிவு அலுவலக வராந்தாவில் நின்ற அந்த அம்மா நினைவுக்கு வந்தார். அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்களா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தப் பெண் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு என் கையைப் பிடித்தாள். பிறகு, தறிச் சத்தத்தில் எனக்குக் கேட்காது என்று நினைத்துப் புருஷனிடம் சொன்னாள்:

"பாவமுங்க அக்கா. ஊட்டு மேல எத்தன பிரியம் பாருங்க."