தலையணைக்குள் இருந்த தாள்கள்

தாள் கிழிவதற்கு ஒரு சத்தம் உண்டு. எங்கள் தென்காசி வீட்டில் மிக்ஸி ஓடினாலும், வாசலில் செங்கோட்டை பஸ் ஹாரன் அடித்தாலும் எனக்கு அது தனியாகக் கேட்கும். கேட்காத நாளிலும் கேட்கும்.

கிழிப்பவள் என் மகள். ஆறாம் வகுப்பு. ஓர் எழுத்து பிசகினால் அந்தத் தாள் போயிற்று. நடுவில் பின் அடித்த நோட்டு என்பதால் அதன் ஜோடித் தாளையும் தடயமில்லாமல் உருவிவிட்டு, இரண்டையும் முதலிலிருந்து எழுதுவாள். ஜூனில் வாங்கிய நோட்டு ஜூலையில் எலும்பும் தோலுமாக இருந்தது. போன பரீட்சையில் முதல் கேள்வியையே நான்கு தாளில் நான்கு முறை எழுதி, மீதிக்கு நேரமில்லாமல் எழுந்து வந்தாள். அதிலிருந்து பரீட்சை என்றால் காலையில் இட்லி வயிற்றில் தங்குவதில்லை. அடுத்த பரீட்சை திங்கட்கிழமை.

பிள்ளைக்கு முன்னால் பெரியவர்கள் தப்புச் செய்து சிரித்துக் காட்ட வேண்டும் என்று எங்கோ படித்திருந்தேன். இதற்கு நான் பிறவியிலேயே தகுதி பெற்றவன். சட்டையைத் திருப்பிப் போட்டேன். டீயில் உப்புப் போட்டேன். பாவூர்சத்திரத்தில் இறங்க வேண்டியவன் ஆலங்குளம் வரை போய்த் திரும்பி, அதைக் கதையாகவும் சொன்னேன். பத்திரிகையில் நாலு பேரைச் சிரிக்கவைத்துச் சம்பாதிக்கிறவன் நான். அவள் சிரிக்கவில்லை.

"நீங்க வேணும்னே பண்ணுதியப்பா. வேணும்னு பண்ணா அது தப்பே இல்லல்லா."

சாரல் விழுந்துவிட்டால் தென்காசிக்காரன் வீடு வாடகை வாங்காத லாட்ஜ். அந்தச் சனிக்கிழமை சென்னையிலிருந்து வந்திருந்த அக்கா, குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து, சாப்பிட்டு, மகளின் கட்டிலில் சாய்ந்தாள். மகள் ஸ்பெஷல் கிளாஸுக்குப் போயிருந்தாள்.

"ஏலே, உம்மவ தலையணைக்குள்ள முறுக்குப் பொட்டலமா வச்சிருக்கா? சரசரங்குது."

உறையைப் பிரித்தேன். மகள் பஞ்சைப் பாதி எடுத்துவிட்டு, கிழித்த தாள்களை நான்காக மடித்து அடுக்கியிருந்தாள். ஒவ்வொன்றிலும் தப்பைத் தேடினேன். சிலவற்றில் நெடுநேரம் தேட வேண்டியிருந்தது. இத்தனை நாளும் அவள் இதன் மேல்தான் தலை வைத்துப் படுத்திருக்கிறாள்.

அடியில் ஒன்று மட்டும் மஞ்சளாக இருந்தது. அவள் எழுதப் பழகிய நாளின் இரட்டைக் கோடு நோட்டுத் தாள், வரிசையாக 'அ'. ஓர் 'அ'வைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, 'திரும்ப எழுது.' என் கையெழுத்து. ஓரம் முரட்டுத்தனமாகக் கிழிந்திருந்தது. அவள் இப்படிக் கிழிப்பதில்லை.

இந்தக் குணம் இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று மனைவியின் வம்சத்தில் மூன்று தலைமுறை வரை விசாரித்து வைத்திருந்தவன் நான்.

சாயங்காலம் அந்தத் தாளை மகளிடம் நீட்டினேன்.

"இத நான் கிழிச்சிருக்கக் கூடாது. இது வேணும்னு பண்ணிக் காட்டுனது இல்லம்மா. நெசமாவே தப்பு."

அவள் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். "இதுல எது தப்பு?"

ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வட்டத்துக்குள் இருந்த 'அ'வும் மற்ற 'அ'க்களைப் போலத்தான் இருந்தது. தெரியவில்லை என்றேன். அவள் அழவில்லை. தாளை நான்காக மடித்துத் தலையணைக்குள்ளேயே திரும்ப வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். நான் அடுக்களையில் நின்றேன். பேனா நின்றது. அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

நோட்டோடு அவளே வந்தாள். ஒரு வார்த்தையை ஒற்றைக் கோட்டால் அடித்து, மேலே சரியானதை எழுதியிருந்தாள். கோடு கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"பாருங்கப்பா."

பார்த்தேன். நன்றாக இருக்கிறது என்றுதான் சொன்னேன். அதற்குள் என் வலது கை, சட்டைப் பையில் இருந்த சிவப்புப் பேனாவைத் தொட்டுவிட்டிருந்தது.

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.