ரெண்டு சீட்

குட்டையான உருவம், காதோரம் நரை, புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. அந்தப் பல்கலைக்கழகப் பதிவாளர் அம்மாவை ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். பிரமிப்பு இன்னும் அடங்கவில்லை எனக்கு!

செட்டியார்பட்டி எஸ்தர் அக்காவுக்குத் துணையாகப் போயிருந்தேன். அவர் மகள் காய்ச்சலில் கிடந்ததில் கல்லூரிச் சேர்க்கையின் கடைசி நாள் தப்பிவிட்டது. உள்ளே நுழைந்ததும் பதிவாளர் எழுந்து நின்றார்.

"உக்காருங்க."

"இருக்கட்டும்மா, நின்னுக்கிடுதேன். புள்ளைக்கி ஒரு சீட்டு..."

"மொதல்ல இந்தச் சீட்டுல உக்காருங்க. நீங்க உக்காந்தாத்தான் நானும் உக்காருவேன்."

அக்கா நிற்க, அவர் நிற்க, ஃபைலோடு வந்த கிளார்க்கும் நிற்க, மின்விசிறி மட்டும் சுற்றியது. கடைசியில் அக்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பதிவாளரும் உட்கார்ந்து, விவரம் கேட்டு, மகளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்!

வெளியே வந்து கிளார்க் சொன்னார்: "அவிய சமூகவியல் டீச்சரா இருந்தவிய. யாரு முன்னாடி யாரு நிக்காவன்னு ஊர் ஊராப் போயி ஆராய்ச்சி பண்ணவிய."

ராஜபாளையம் பஸ்ஸின் ஜன்னலில் மலை கூடவே ஓடி வந்தது. அக்கா என் தொடையில் தட்டினார்.

"ஏட்டி, அவிய நமக்கு மரியாத குடுத்தாவளா, நம்மள வச்சி ஆராய்ச்சி பண்ணுனாவளா?"

அக்கா விடைக்குக் காத்திருக்கவில்லை.

"என்னமும் பண்ணட்டும். ரெண்டு சீட்டும் கெடச்சிட்டுல்லா!"