மிதிக்காத முதல் தளம்

எசன் நகரின் பேஸ்போல் மைதானத்தில் ஒரு ஞாயிறு. முதல் தளத்துக்கான வெள்ளைத் திண்டு கிழிந்துபோயிருந்ததால், சித்தப்பா மகளின் தமிழ்ப் பள்ளிப் பையை அந்த இடத்தில் வைத்தவள் நான்தான். உள்ளே பாடப் புத்தகங்கள். கொஞ்சமாவது யோசித்தேனா? இல்லை. ஜேர்மனியில் வளர்ந்த எனக்கு அது வெறும் பை.

தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்கும் பக்கத்துப் பேஸ்போல் கழகத்துக்கும் நட்புப் போட்டி. நான் நடுவர். மகள் முதன்முறையாகத் தன் ஆட்டத்தைப் பார்க்க வருகிறாள் என்பதற்காகவே சித்தப்பா மூன்று மாதம் வேலை முடிந்து வந்து மட்டை வீசிப் பழகியிருந்தார். கடைசிச் சுற்றில் பெற்றோர் அணியில் இருவர் ஏற்கெனவே அவுட்; மூன்றாமவரும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. இருவர் தளங்களில் நின்றார்கள். வெல்ல மூன்று ஓட்டம் வேண்டும். சித்தப்பா அடித்தார். ஐயோ, என்ன அடி! பந்து வேலிக்கரைக்கு உருள, முன்னால் நின்ற இருவரும் வந்து சேர, அவரும் ஒரே ஓட்டமாகச் சுற்றி வந்து விழுந்தார். மகள் துள்ளித் துள்ளிக் கத்தினாள்.

ஆனால் நான் கண்டுவிட்டேன். முதல் தளத்தில் அவர் கால் பையில் படவில்லை. புத்தகத்தை மிதிக்க மனம் வராமல் எட்டித் தாண்டியிருந்தார். தளத்தை மிதிக்காதவர் அவுட்தான். ஆனாலும் எதிரணி அவுட் கேட்காதவரை நடுவர் மூச்சு விடக்கூடாது. பொல்லாத சட்டம்! ஒருவரும் கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு நின்றேன். எதிரணி வீரர் பந்தோடு வந்து, பையில் ஏறி நின்று கேட்டார். கையை உயர்த்தினேன். அடித்தவரே முதல் தளத்தைத் தொடாமல் மூன்றாவதாக அவுட்டானால் மற்றவர்களின் ஓட்டமும் சேராது. மூன்றும் போயின. மகள் அழுதாள்.

எல்லாரும் போனபின் சித்தப்பா கிட்ட வந்தார். “நீ கண்டனியோ?”

“ஓம், கண்டனான்.”

“ஒரு சத்தம் போட்டிருந்தா திரும்பிப்போய்த் தொட்டிருப்பனெல்லோ?”

“நானாச் சொல்ல ஏலாது, சித்தப்பா.”

அவர் பையை எடுத்துத் தூசி தட்டினார். “வந்த புதுசிலை நான் குடுத்த அன்ட்ராக் விண்ணப்பத்திலை ஒரு கையெழுத்து விடுபட்டுப் போச்சு. கந்தோரிலை அதை வாங்கின மனுசி கண்டவ. வாயைத் துறக்கேல்லை. நிராகரிச்சுப் போட்டாங்கள். இவ்வளவு காலமும் அவவைத் திட்டினன்,” என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, “பாவம், அவவுக்கும் உன்னைப் போலத்தான் இருந்திருக்கும்,” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இப்போது நானும் ஓர் அலுவலகத்தில் விண்ணப்பம் வாங்குகிறேன். கையெழுத்து விடுபட்டிருந்தால், யாரும் கேட்குமுன்பே அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டிவிடுகிறேன். மைதானத்தில் மட்டும் இன்னும் வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறேன்.