அப்பா அழித்த இரண்டு எண்கள்

அப்பாவும் மாமாவும் பேசாமலிருந்த அந்த ஆறேழு மாதங்களில்தான் அப்பாவின் வரைபடங்கள் மிகத் தெளிவாக இருந்தன. அதற்கு முன்பெல்லாம் அளவுகளில் பாதி தாளில் இருக்கும், மீதி அவர் வாயில் இருக்கும்.

காஜா பேராங் என்ற ஊரில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு பட்டறை இருந்தது. யுத்தத்தில் வெள்ளைக்கார முதலாளி ஓடிப்போனபின், நாட்டைப் பிடித்த ஜப்பான்காரர்கள் அதை எடுத்துக்கொண்டு, லோரிக்கும் பம்புக்கும் உதிரி பாகங்கள் செய்யச் சொன்னார்கள். அப்பா அங்கே படம் வரைபவர். அம்மாவின் ஒரே தம்பியான மாமா, அந்தப் படத்தைப் பார்த்து லேத் மெஷினில் இரும்பைக் கடைபவர். தண்டு ஒரு அங்குலம், அது நுழையும் துளையும் ஒரு அங்குலம் என்று எழுதிவிட்டு, அப்பா நேரே மாமாவிடம் போய், "தண்ட மயிரிழை கம்மியா விடு மச்சான்" என்பார். வேலை முடிந்துவிடும்.

பிறகு மாமா, பக்கத்துச் செட்டிக் கம்போங்கில் ஒரு பெண்ணைக் கட்டிக்கொள்வேன் என்றார். அந்தக் கம்போங்குக்காரர்கள் பல தலைமுறைக்கு முன் வந்து குடியேறிய தமிழ் வம்சம், நம் சாமியைத்தான் கும்பிடுகிறார்கள், ஆனால் பேச்செல்லாம் மலாய். "அவகூட இந்த வூட்டுல யாரு பேசுவா?" என்று அப்பா கேட்டார். அந்தப் பெண் வருவதற்கு முன்பே வீட்டில் பேச்சு நின்றுபோனது. எங்களோடு இருந்த மாமா தனி அறை பார்த்துக்கொண்டு போய்விட்டார். வீம்பில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்களில்லை.

வாயால் சொல்ல மனமில்லாததை அப்பா எழுத ஆரம்பித்தார். பெரிய எண்ணுக்குப் பக்கத்தில், மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு சின்ன எண்கள். பள்ளிக்கூடம் மூடிக்கிடந்ததால், ஒன்பது வயதுக்காரியான நான், வீட்டில் அவர் வரையும் மேசையை விட்டு நகரமாட்டேன். "இதுக்கு மேல பருத்தா உள்ள போவாது. இதுக்குக் கீழ மெலிஞ்சா லொடலொடன்னு ஆடும்" என்றார் ஒருநாள். அவ்வளவு அழகாக எண் எழுதுபவரை நான் பார்த்ததில்லை. எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை. மாமாவோ பழைய பழக்கத்தில் பெரிய எண்ணை மட்டும் பார்த்துக் கடைந்துகொண்டிருந்தார். பூட்டும்போது இறுகினால் பட்டறையிலேயே அரத்தால் தேய்த்துச் சரிசெய்துவிடுவார்கள்.

கிளேபாங்கிலிருந்த ராணுவ முகாமின் தண்ணீர்ப் பம்புக்கு ஒரு தண்டு செய்தார்கள். மாமா அதைச் சரியாக ஒரு அங்குலத்துக்குக் கடைந்துவிட்டார். துளைக்குள் போகாத தண்டை அங்கே எவனோ சுத்தியலால் அடித்து இறக்கினான். ஓட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் பம்பு சூடேறி, இறுகி நின்றுவிட்டது. முகாமுக்குத் தண்ணீர் இல்லை. வேண்டுமென்றே செய்த நாசவேலை என்றார் அதிகாரி. அந்த நாட்களில் அதற்குத் தலைதான் போகும். பட்டறை ஆட்கள் எல்லோரையும் வெயிலில் மண்டி போடவைத்து, தப்பு வரைந்தவனுடையதா, கடைந்தவனுடையதா என்று கேட்டாராம். "படத்துல ஒரு அங்குலம்னு மட்டுந்தான் இருந்திச்சு" என்றார் மாமா. அது பொய் இல்லை, அவர் பார்த்தது அவ்வளவுதான். படத்தைக் கொண்டு வரச் சொல்லி அப்பாவை அனுப்பினார்கள்.

தாள் கிடைக்காத காலம். பின்பக்கத்தில் வரையலாமென்று முடிந்த படங்களையெல்லாம் அப்பா வீட்டில் சேர்த்து வைத்திருந்தார். வாசலில் ஒரு சிப்பாய் துப்பாக்கியோடு நிற்க, அப்பா உள்ளே வந்தார். கன்னம் வீங்கியிருந்தது. தகரப் பெட்டியிலிருந்து அந்தப் படத்தை எடுத்து மேசைமேல் விரித்துச் சற்று நேரம் பார்த்தார். பிறகு ரப்பர் துண்டை எடுத்து, அந்த இரண்டு சின்ன எண்களையும் அழித்தார். துகளை ஊதிவிட்டு, தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, தடம் தெரிகிறதா என்று பார்த்தார்.

"நீ ஒண்ணும் பாக்கல, சரியா?" என்றார் என்னிடம். அடுப்படியிலிருந்து ஓடிவந்த அம்மாவிடம், "ஒன் தம்பிக்கு ஒண்ணும் ஆவாது" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. அப்பா தப்பாக எழுதிவிட்டு மறைக்கிறார் என்றுதான் நினைத்தேன். படியிறங்கும்போது என் தலையைத் தொட வந்தார், நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அளவை முழுதாக எழுதாதது தன் குற்றம் என்று அப்பா அதிகாரியிடம் ஒப்புக்கொண்டார். படத்தைப் பார்த்த அதிகாரி, நாசவேலை இல்லை, கவனக்குறைவு என்று முடிவு செய்ததால் இருவர் தலையும் தப்பியது. ஆனால் மறுநாளே அப்பாவை சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு ஆள் பிடித்துப் போகும் லோரியில் ஏற்றிவிட்டார்கள். அவர் திரும்பி வரவேயில்லை.

லோரி போன அன்று சாயங்காலம் மாமா வந்தார். சண்டைக்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்குள் காலெடுத்து வைத்தது அன்றுதான். "நான் உண்மையச் சொல்லி அத்தானக் காட்டிக்குடுத்துட்டேனேக்கா" என்று தரையில் உட்கார்ந்து அழுதார். பெரிய ஆம்பிள்ளை அப்படி அழுவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"அழாதீங்க மாமா. ஒங்க மேல தப்பில்ல" என்றேன். "அப்பா தப்பா எழுதிட்டு அழிச்சிட்டாரு. நான் பாத்தேன்."

"என்னாம்மா எழுதியிருந்தாரு?"

"ஒரு அங்குலத்துக்குப் பக்கத்துல ரெண்டு சின்ன நம்பர். ரெண்டுக்கும் முன்னால கழிக்கிற கோடு போட்டிருந்திச்சு."

அம்மா என் வாயைப் பொத்துவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். மாமாவின் அழுகை சட்டென்று நின்றது. அவருக்கு ஆறுதல் சொல்லிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.