மாமாவின் மகாராஜராஜஸ்ரீ

1954 ஜூன் 7, திங்கட்கிழமை, காலை ஒன்பதே கால். குரங்கணி மலையில் சாரல், என் குடையில் இரண்டு கம்பிகள் ஒடிந்திருந்தன. தங்கையின் கல்யாணப் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் தாய்மாமன் வீட்டுப் படி ஏறினேன். பதினொரு படிகள். அப்பா இல்லாத எங்களுக்கு மாமாதான் தலை. பெண்ணுக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வர வேண்டியவர் அவர். அவர் வராமல் தாலி ஏறினால், பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் நாதியில்லை என்று ஊர் பேசும்.

மாமா கண்ணாடி மாட்டி, எழுத்துக் கூட்டி இரண்டு முறை வாசித்தார்.

“மாப்ளே, எம் பேருக்கு முன்னால இருந்தது எங்க?”

பழைய பத்திரிகைகளில் அவர் பெயருக்கு முன் ‘மகாராஜராஜஸ்ரீ’ இருக்கும். நான் அதை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ‘திரு’ போட்டிருந்தேன். முப்பத்திரண்டு பெயர்கள், முப்பத்திரண்டு திரு.

“அது வடமொழி மாமா. ராசாக்களுக்கெல்லாம் ராசான்னு அர்த்தம். அரண்மனைக்கு ஓலை எழுதுனவங்க போட்டது. பின்னால தாலுகா கச்சேரிக் குமாஸ்தா தீர்வை கட்டுறவனுக்கெல்லாம் போட்டான். இப்ப ஜமீனே போயிருச்சு.”

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அகராதி பார்த்தவன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். “ராசா இல்லாத ஊர்ல அது எதுக்கு மாமா?” என்றும் கேட்டுவைத்தேன்.

அடுப்படியிலிருந்து அத்தை, “ராசாவுக்கு ராசாதான் நேத்து மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டாரு” என்று சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை.

“அர்த்தம் எனக்குத் தெரியாது மாப்ளே. இருபது வருசம் இந்தச் சரிவுல அடுத்தவன் ஏலக்கா மூடையச் சொமந்தேன். ‘ஏலே’ன்னுதான் கூப்பிட்டாங்க. நாலு ஏக்கர் சொந்தமா வாங்குன வருசம் கச்சேரியில இருந்து கடுதாசி வந்துச்சு. வாசிச்சவன் அந்தச் சொல்ல வாசிச்சுட்டு என்னைய நிமிர்ந்து பாத்தான். ‘உக்காருங்க’ன்னான். அதுவரைக்கும் ஒருத்தனும் என்னைய உக்காரச் சொன்னதில்ல.”

தாம்பாளத்தை என் பக்கம் தள்ளிவிட்டார்.

அன்று மாலையே போடி அச்சகத்துக்கு ஓடினேன். புதிய பத்திரிகையில் அவர் பெயருக்கு முன் அந்தச் சொல், சுருக்காமல், கொட்டை எழுத்தில். வியாழக்கிழமை மறுபடியும் மலைக்குப் போனேன்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா நீயாப் போடல. எங்கக்கா அழுதிருக்கும், போட்டிருக்க.”

உண்மைதான். மூன்று நாளாக அம்மா சரியாகச் சாப்பிடவில்லை.

“தங்கச்சி என்ன மாமா செஞ்சா?”

“அந்தப் புள்ள ஒண்ணும் செய்யல. சீரு வந்து சேரும். நீ வெரசா எறங்கு, மழை வலுக்குது.”

கல்யாணத்தன்று சீர் வந்தது: ஒன்பது தட்டுகள், கூறைப்புடவை உட்பட. சுமந்து வந்தவர்கள் நாலு பேர். மாமா வரவில்லை. இருபது நிமிடம் காத்திருந்தோம். முகூர்த்தம் தப்பிவிடும் என்று பொட்டிபுரத்து மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுக்க, அம்மாவுக்குத் தம்பி முறையுள்ள ஒருவர் மாலையைப் போட்டார். குனிந்திருந்த தங்கை, தாலி ஏறும்வரை மூன்று தடவை நிமிர்ந்தாள். மூன்று தடவையும் வாசலைப் பார்த்தாள்.

மாமா இறக்கும்வரை எங்கள் வீட்டுப் படி மிதிக்கவில்லை. ஒரு சொல் எங்கே பிறந்தது என்று தெரிந்துகொண்டேன். அவரிடம் அது எப்படி வந்து சேர்ந்தது என்று கேட்காமல் போனேன். அந்தத் திருத்தத்துக்கு ஆன செலவு: இருநூறு பத்திரிகை மறுபடி அச்சடிக்கப் பதினான்கு ரூபாய், போக வர நான்கு தடவை ஜீப்புக்கு இரண்டு ரூபாய், இரண்டு தாம்பாளத்து வெற்றிலை பழத்துக்கு ஒன்றரை ரூபாய். ஆகப் பதினேழு ரூபாய் எட்டணா.