சிங்கத்தின் காலடியில் கிடப்பது யார்?

ரொறொன்ரோவின் கிழக்குச் சைனா ரவுணுக்கு எல்லாரும் சாப்பிடப் போவார்கள். நாங்கள் போனது கல்லுச் சிங்கம் பார்க்க.

மகள் றிச்மண்ட் ஹில்லில் வீடு வாங்கியிருக்கிறாள். மருமகன் சீனப் பெடியன். வாசலில் வைக்கச் சொல்லி அவருடைய தாய் மெய்லிங் ஒரு சோடிச் சிங்கம் பரிசாகக் கொடுத்தா. பெண் சிங்கத்தின் காலுக்குக் கீழே ஒரு குட்டி மல்லாந்து கிடந்தது. அதைக் கண்டதும் என்ரை மனுசனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடு. குட்டியை மிதிக்கிற சிங்கத்தை வாசல்ல வைச்சால், நான் புதுவீட்டுக் குடிபூரலுக்கு வரமாட்டன்."

அவரையும் முழுக்கக் குறை சொல்ல ஏலாது. எங்கள் கோயில்களில் காலுக்குக் கீழே கிடப்பவன் எப்போதும் அசுரன்தான். மகள் அழுதாள். சிங்கங்கள் கராஜுக்குள் போயின. இதைச் சம்பந்தியிடம் எப்படிச் சொல்வது? "சிங்கங்களைப் பற்றிச் சொல்லித் தாருங்கோ" என்று மட்டும் கேட்டேன். மெய்லிங் துள்ளிக்கொண்டு புறப்பட்டுவிட்டா.

குடிபூரலுக்கு முந்தின சனிக்கிழமை, காலை ஒன்பது மணிக்கு நானும் இவரும் மல்வேர்னில் பஸ் ஏறினோம். கெனடியில் சப்வே பிடித்து, புரோட்வியூ ஸ்டேஷனில் மெய்லிங்கையும் சேர்த்துக்கொண்டு, ஸ்ட்ரீட்காரில் ஜெராட் சந்திக்குப் போய் இறங்கினோம். எல்லாமாக ஒன்றரை மணித்தியாலம். இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விட்டால் ஒரே கட்டணம்தான். இவர் வழியெல்லாம் யன்னலோடு மட்டும் கதைத்துக்கொண்டு வந்தார்.

சந்திக்குக் கிட்டத்தான் அந்தப் பெரிய அலங்கார வளைவு. அதன் இரண்டு பக்கமும் உள்ள சிங்கங்கள் குந்தியிருந்தாலும் நெஞ்சு நிமிர்ந்திருக்கிறது. காவலை விட்டு எழும்பிப் போகாது என்று அர்த்தமாம். ஆண் சிங்கம் பந்தில் கால் வைத்திருந்தால் அதிகாரம் அதன் கையில். வாசலைப் பார்த்து நின்றால் ஆண் வலப்பக்கம், பெண் இடப்பக்கம் வருவதுதான் முறை என்றா மெய்லிங்.

இவருக்குப் பொறுக்கவில்லை. "கேளும், உந்தத் தாய் ஏன் பிள்ளையை மிதிக்குது?"

நான் கொஞ்சம் சீனி போட்டு இங்கிலிசில் கேட்டேன். மெய்லிங் கண்ணில் தண்ணி வரச் சிரித்தா. மிதிக்கவில்லையாம், பால் கொடுக்கிறதாம். சிங்கத்துக்குப் பாதத்தில் பால் சுரக்கும் என்பது அவர்களுடைய பழைய நம்பிக்கை.

இவர் அசையவில்லை. நான் பக்கத்துச் சீமெந்துத் திட்டில் ஏறியிருந்து, இரண்டு காலையும் நீட்டி, ஹாண்ட்பாக்கைக் குழந்தை மாதிரிக் காலில் கிடத்தினேன்.

"நாங்கள் பிள்ளையைக் காலில போட்டுத்தானே முழுக வார்க்கிறனாங்கள்? அப்ப நானும் உங்கட மகளை மிதிச்சனானோ?"

மெய்லிங்குக்கு உடனே விளங்கிவிட்டது. குழந்தையைக் குப்புறக் கிடத்துவதா, மல்லாத்துவதா என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டா. இவர் குனிந்து குட்டியின் வாயை உற்றுப் பார்த்தார். "குடிக்குதுதான்," என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

போகிறவர்களுக்கு இரண்டு விசயம். காலையிலேயே போங்கள், பேக்கரியில் பன் சூடாக இருக்கும். சிங்கத்தின் முகத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள், கதை முழுக்கக் காலில்தான் இருக்கிறது. தெரியாததை மனதில் வைத்துப் புழுங்காமல் கேட்டுவிடுவதும் நல்லது.

குடிபூரலன்று இவரே சிங்கங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, பக்கம் மாறாமல் வாசலில் வைத்தார். உடைக்கத் தேங்காயோடு வந்த இவருடைய தமையன் சிங்கத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "என்ன இது, பிள்ளையை மிதிக்குது?"

இவர் பட்டு வேட்டியோடு வாசற்படியில் இருந்து காலை நீட்டினார்.

"அண்ணை, அந்தத் தேங்காயை இஞ்ச தாங்கோ," என்றார்.