வேண்டாம் என்றவரின் தட்டு

லண்டனின் பழைய இத்தாலியர் பகுதியில் ஒரு கடலுணவுக் கடை. என் மகளை மணக்கப்போகும் பையனின் தகப்பனை அன்றுதான் முதன்முதலாகச் சந்தித்தேன். அவர் வெறும் சாலட்டைக் கிளறிக்கொண்டிருந்தார். சிங்கி இறால் பாஸ்தாவை அள்ளி அவர் தட்டில் வைக்கப்போனேன்.

"வேண்டாம் அண்ணை."

"கூச்சப்படாதேங்கோ! சம்பந்திக்குப் புல்லுத் தீத்தினனெண்டு சனம் சிரிக்கும்."

மூன்றாம் தடவை வைத்தேவிட்டேன். அவரும் விழுங்கினார். சற்று நேரத்தில் உதடுகள் வீங்கின. மூச்சு, கரையில் விழுந்த மீனாய்த் துடித்தது. அம்புலன்ஸ் வரும்வரை கரண்டியும் கையுமாக நின்றேன். வேறெதுவும் செய்யத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் திறந்தவர் சொன்னார்: "இறால் எனக்கு ஒத்துக்கொள்ளாது அண்ணை. உங்கட மனம் நோகக்கூடாதெண்டுதான் சாப்பிட்டனான்."

இப்போதெல்லாம் யாராவது வேண்டாமென்றால், முதல் தடவையிலேயே கரண்டியைக் கீழே வைத்துவிடுகிறேன்.